கிழக்கு வயல் பாசி

திருச்சி
12.5.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

ப்ரியா எழுதுவது. ஊரிலிருந்து வந்ததும் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, இப்போது தேவலாம். குழந்தை நந்தினிக்கு வேர்க்குரு அடங்கியதா? அண்ணிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் பாதிக் கோபம் கைவலியிலேயே போய்விடும். தவிர, நான் கேட்கப்போவதை நீ இரண்டு முறை படித்தால்தான் சரியாகச் செய்வாய்.

சித்திரையில் வந்தபோது கிழக்கு வயலைப் போய்ப் பார்த்தேன் அல்லவா? போன டிசம்பர் சுனாமியில் கடல் ஏறி நின்று வற்றிய வயலில் ஒரு புல்லும் இல்லை. உப்பு வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. ஆனால் பள்ளமூலையில் தேங்கின தண்ணீரில் கரும்பச்சையாகப் பாசி, ஏடு ஏடாக மிதந்தது. அது எனக்கு வேண்டும்.

அதை நீலப்பச்சைப் பாசி என்போம். உண்மையில் அது ஒரு பாக்டீரியா. ஐந்து வருடமாக நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். அதன் உடம்பு ஒரே ஓர் அறை, சுற்றிலும் மெல்லிய தோல். உப்புத் தண்ணீரில் இருந்தால் உப்பு தோல் வழியாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். விட்டால் செத்துப்போகும். அதனால் தோலிலேயே சில நொதிகள் பதிந்திருக்கின்றன. ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்றும் ஆட்கள் மாதிரி அவை உப்பை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். உப்பு கூடினால் ஆட்களும் கூடுவார்கள். இங்கே ஆய்வுக்கூடத்தில் உப்புப் போட்டு வளர்த்த பாசியில் இதைக் காட்டிவிட்டேன். என் பேராசிரியர்தான் விடமாட்டேன் என்கிறார். "கண்ணாடிக் குடுவையில நடக்கறது வயல்லயும் நடக்குமாம்மா?" என்று கேட்கிறார். திடீரென்று கடல் வந்து விழுந்த வயல் நம்முடையதுதானே?

வாயகன்ற பாட்டிலில், அதே வயல் தண்ணீரோடு பாசியை அள்ளிப் போடு. மூடியை இறுக்காதே. வெயில் படாமல் துணி சுற்றி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் காலை வண்டியின் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. நான் போய் வாங்கிக்கொள்வேன். நல்லதாக ஒரு பாட்டில் கிடைக்கும்வரை அந்த வயலில் நல்ல தண்ணீர் விடாதே. நல்ல தண்ணீர் பட்டால் எல்லாம் வீண்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் வணக்கம்.

உன் தங்கை
ப்ரியா

*

பூவம்
25.5.2005

தங்கை ப்ரியாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வேர்க்குரு போய்விட்டது. உன் அண்ணி முதுகுவலி என்று சொல்லுவாள், உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். நீ ஹாஸ்டல் சாப்பாட்டைத் தின்று இளைத்துப் போயிருக்கிறாய் என்பது அவள் கவலை.

நான் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ மட்டும் கேட்டாயா? கிழக்கு வயலில் நான் என்ன நெல் போடுகிறேன் என்று உனக்குத் தெரியுமா? சோறு வெந்தால் சரி உனக்கு.

பாட்டில் நாளைக் காலை வண்டியில் வருகிறது. முழங்கால் சேற்றில் இறங்கி அள்ளினேன். வரப்பில் நின்றவர்கள் எல்லாம், இவனுக்கு என்ன ஆயிற்று, பாசி பொறுக்குகிறான் என்று சிரித்தார்கள். என் தங்கச்சி உப்புக்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உப்பை வெளியே இறைக்கும் பாசி என்றால் வயலிலிருக்கும் உப்பையும் அது இறைத்துவிடும்தானே? எத்தனை நாளாகும் என்று விவரமாக எழுது. குறுவை போய்விட்டது. சம்பாவாவது வைக்க வேண்டும். ஐந்து மா நிலம் சும்மா கிடந்தால் ராத்திரி தூக்கம் எங்கே வருகிறது.

கொல்லைப்புறத்தில் வைத்து உன் அண்ணிதான் பக்குவமாகக் கட்டிக் கொடுத்தாள். ஊறுகாய் ஜாடி கட்டுவது போலத் துணி கட்டியிருக்கிறாள். ஆடாது, அசையாது.

அண்ணன்
சிவராமன்

*

திருச்சி
14.6.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூவர் நலத்துக்கும் எழுது.

பாட்டில் உயிரோடு வந்து சேர்ந்தது. அண்ணி கட்டின முடிச்சை அவிழ்க்க எங்கள் ஆய்வுக்கூடமே கூடி நின்றது. மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பிரெஞ்சு பிரஸ் என்று ஒரு கருவி, அதில் பாசியை நசுக்கி உடைத்து, சர்க்கரைப் பாகை அடுக்கடுக்காக ஊற்றின குழாயில் விட்டு, மத்துப் போட்ட மாதிரி பல மணி நேரம் சுழற்றினால் தோல் தனியாக, உள்ளே இருக்கும் பச்சை தனியாகப் பிரியும். தோல் மஞ்சளாக ஒரு படலம் போல நிற்கும். இந்தத் தடவை அந்த மஞ்சள் நன்றாகத் தடித்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நொதியை அளந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. குளத்துப் பாசியில் இருக்கும் அளவுகூட இல்லை. இரண்டு முறை அளந்தேன். பாட்டில் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு. அங்கே கோடை மழை பெய்ததா? பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ப் பாசிக்கு உப்புன்னா என்னன்னே தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

டிசம்பரோடு என் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் இந்த ஒரு அத்தியாயம் முடிய வேண்டும். மழை இல்லாத நாளாகப் பார்த்து இன்னொரு பாட்டில் அனுப்பு. வயலில் தண்ணீர் விட்டுவிடாதே.

நீ கேட்டதற்கு விவரமாக அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நந்தினிக்கு முத்தம்.

ப்ரியா

*

பூவம்
5.7.2005

ப்ரியாவுக்கு,

சௌக்கியம். நந்தினி பால்வாடிக்குப் போகிறாள், போகும்போது அழுகிறாள், வரும்போதும் அழுகிறாள்.

கோடை மழையாவது ஒன்றாவது. மாரியம்மன் கோயில் வாசலில் புழுதி பறக்கிறது. பிரெஞ்சுக்காரன் நம் ஊரை விட்டுப் போய் ஐம்பது வருடம் ஆயிற்று, அவன் பிரஸ்ஸை மட்டும் திருச்சியில் வைத்துவிட்டுப் போனானா? அதைச் சரியாகப் பிடிக்கத் தெரிகிறதா உனக்கு?

இரண்டாவது பாட்டில் அனுப்பியாயிற்று. நடுவிலிருந்து எடுத்தேன், தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு சுரீர் என்றது. விவசாய ஆபீசர் வந்து அலை ஏறின வயலுக்கெல்லாம் ஜிப்சம் போடச் சொன்னார். போட்டு, மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் கட்டி நிறுத்தி, வடித்து, மறுபடி கட்டி வடித்தால் உப்பு இறங்குமாம். பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். என் தங்கச்சி சொன்ன பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த கடிதத்தில் விவரம் என்றாய். அடுத்த கடிதம் எப்போது வரும்?

சிவராமன்

*

திருச்சி
28.7.2005

அண்ணனுக்கு,

உடம்பு சரியில்லை, ஆனால் படுக்க நேரமில்லை. உங்கள் எல்லோருக்கும் நலம்தானே?

நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது பாட்டிலும் அதே கதை. மஞ்சள் படலம் தடியாக நிற்கிறது, உள்ளே நொதி செத்துக் கிடக்கிறது. பாதி அறைகள் வெடித்திருக்கின்றன. பாட்டில் தண்ணீரில் உப்பு இல்லை. நாக்கில் சுரீர் என்றது என்று எழுதுகிறாய். அந்தச் சுரீர் திருச்சிக்கு வருவதற்குள் எங்கே போயிற்று? சேற்றில் இறங்கச் சோம்பல்பட்டு கோயில் குளத்தில் அள்ளினாயா? அப்படியென்றால் சொல்லிவிடு. எனக்குப் பதினைந்து நாள் உழைப்பு மிஞ்சும்.

குளிர் அறையில் நின்று நின்று கை விறைத்துப் போகிறது. கூடப் படித்தவள் போன மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். நான் மட்டும் நம் வயலைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். என்ன தப்பு என்று தெரிந்தாலும் பரவாயில்லை, அது தெரியாமல்தான் பைத்தியம் பிடிக்கிறது.

அண்ணியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

ப்ரியா

*

பூவம்
9.8.2005

விஷ்ணுப்ரியாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

கோயில் குளத்தில் அள்ளினேனா? நீ படித்த படிப்பு அண்ணனைத் திருடன் என்று கேட்கச் சொல்கிறதா? காலில் உப்புப் புண் ஆறவில்லை. வேட்டியைத் தூக்கிக் காட்டினால் ஊரே பார்க்கும். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். உன் அண்ணி என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். கடைமடைக்கு வந்து சேர ஆவணி ஆகும். எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர். என் முறையில் நான் மடையைத் திறக்காவிட்டால் அடுத்தவன் திறந்துகொள்வான், மறுமுறை எப்போது என்று எனக்கே தெரியாது. எல்லோரும் நாற்று விட்டுவிட்டார்கள். நானும் விட்டிருக்கிறேன், மேற்கு வயலுக்கும் சேர்த்து, கிழக்குக்கும் சேர்த்து.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் பாசி என் வயலை மீட்குமா, மீட்காதா? திறக்கவா, வேண்டாமா? ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது போதும்.

சிவராமன்

*

திருச்சி
22.8.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுதினது தப்பு. காலில் புண் என்று எனக்கு எப்படித் தெரியும்? தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடு. அண்ணியைக் கேள், அவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு முறை பொறுத்துக்கொள். கடைசியாக ஒரு பாட்டில். இந்தத் தடவை தப்பு எங்கே என்று எப்படியாவது கண்டுபிடித்துவிடுவேன். பள்ளமூலையை மட்டும் சுற்றி வரப்புப் போட்டு ஒதுக்கிவிட்டு மீதி வயலில் தண்ணீர் கட்டமுடியாதா? அப்படிச் செய்தால் உனக்கும் எனக்கும் நல்லது. மற்றதை நேரில் பேசலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். கோபம் வேண்டாம்.

ப்ரியா

*

பூவம்
6.9.2005

ப்ரியாவுக்கு,

சுகம்.

பள்ளமூலையில்தான் வடிகால் வாய் இருக்கிறது. வயலில் கட்டுகிற தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு அந்த மூலை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை அடைத்தால் தண்ணீர் கட்டி என்ன, கட்டாமல் என்ன? இந்த வயலில் நடந்து வளர்ந்தவள் நீ. இதுகூடத் தெரியவில்லை.

நேற்று என் முறை. திறக்கவில்லை. மடையில் உட்கார்ந்து அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் வருகிறது.

நான் கேட்ட ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

சிவராமன்

*

பூவம்
19.9.2005

அன்பு ப்ரியாவுக்கு,

அண்ணி தையல்நாயகி எழுதுவது. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் சிரிக்காதே.

உன் கார்டு வந்தது. மூன்றாவது பாட்டிலும் கெட்டுப்போயிற்று, வயலிலிருந்து பஸ்வரை பாசியை யார் யார் தொடுகிறார்கள், என்னென்ன செய்கிறார்கள், ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் அண்ணன் வாளியில் அள்ளிக்கொண்டு வந்து கொல்லைக் கதவோரம் வைப்பார். வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அப்புறம் எல்லாம் நான்தான். அடிபம்புத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, மூன்று தண்ணீர் அலசி, சேறு உப்பு எல்லாம் போக்கி, புதுசாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கட்டிக் கொடுப்பேன். மூன்று தடவையும் அப்படித்தான். உன் அண்ணனுக்குத் தெரியாது. அலசக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, அலசினேன் என்று நானும் சொல்லவில்லை. அது தப்பா ப்ரியா?

ஏன் அலசினேன் என்று நீ கேட்பாய். உனக்கு நாங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அலை வந்து போன மறுநாள், மாடு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு நான்தான் முதலில் கிழக்கு வயலுக்குப் போனேன். பள்ளமூலையில் ஒரு பெண்குழந்தை கிடந்தது. கடலோரக் கருக்களாச்சேரிப் பக்கத்துக் குழந்தை. நந்தினி உயரம்தான் இருக்கும். பூப்போட்ட கவுன். தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் வைத்து, மூஞ்சியிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, யாராவது வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர்கள் ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். யார் பெற்ற பிள்ளை என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் அந்த வயலில் கால் வைக்கவில்லை. அங்கேயிருந்து எது வந்தாலும், உன் அண்ணன் மண்வெட்டிகூட, மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் வாசல் தாண்ட விடமாட்டேன். அந்த மூலையிலிருந்து எடுத்ததை, வீட்டுப் பெண் உனக்கு, கல்யாணம் ஆக வேண்டியவளுக்கு, அப்படியே தீட்டோடு எப்படி அனுப்புவேன்? உன் அண்ணன், அவளிடம் இதெல்லாம் சொல்லாதே, படிக்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உன் படிப்பை நான்தான் கெடுத்தேன் என்றால் நேராகத் திட்டிவிடு. அவர் மேல் கோபப்படாதே. அவர் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து நாற்றைப் போய்ப் பார்க்கிறார்.

இப்படிக்கு
அண்ணி

*

திருச்சி
24.9.2005

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

அண்ணி, உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் இருக்கிறது, ஆனால் உங்கள் மேல் இல்லை. உப்பில் இருந்த பாசியைத் திடீரென்று நல்ல தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து பாதி வெடித்துப்போகும். மிச்சம் இருப்பது, இனி எதற்கு என்று இறைக்கிற நொதிகளைக் கைவிட்டுவிடும். நான் மஞ்சளாகப் பார்த்து ஆசைப்பட்டேனே, அது தோல் இல்லை, உங்கள் மஞ்சள். மஞ்சள் அந்தத் தோலில் போய் ஒட்டிக்கொண்டால் நொதியும் வேலை செய்யாது. மூன்று மாதமாக உங்கள் மஞ்சளை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் மஞ்சள் கரைத்து அலசினதைப் படித்ததும் சிரித்தேன். அப்புறம் அந்தக் கவுன் வந்த இடத்துக்கு மேலே படிக்க முடியவில்லை. சித்திரையில் நான் அதே மூலையில் குனிந்து பாசி அழகாக இருக்கிறது என்று சொன்னேன். நீங்கள் வரப்பிலேயே நின்றீர்கள். ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அண்ணே, நீ கேட்ட ஒரு வார்த்தை: மீட்காது. பாசி உப்பைத் தன் உடம்பிலிருந்துதான் வெளியே தள்ளும், வயலிலிருந்து இல்லை. தள்ளின உப்பு அங்கேயேதான் கிடக்கும். என் வேலையால் ஒரு காலத்தில் யாருக்காவது ஏதாவது பயன் வரலாம். உன் சம்பாவுக்கு வராது. இது எனக்கு மே மாதமே தெரியும். ஆபீசர் சொன்னதுதான் சரி. நீ ஊரெல்லாம் மருந்து என்று சொன்னாய், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவும் இல்லை. சொன்னால் நீ மடையைத் திறந்துவிடுவாய், எனக்குப் பாசி கிடைக்காது.

அடுத்த முறையில் திறந்துவிடு. எனக்காக ஒரு நாள்கூட நிறுத்தாதே. பாட்டில் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததை வைத்து என்ன எழுத முடியுமோ எழுதிக்கொள்கிறேன்.

நந்தினியை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். நீங்கள் விடமாட்டீர்கள்.

ப்ரியா

*

பூவம்
10.10.2005

தங்கை ப்ரியாவுக்கு,

மூன்று பேரும் நலம். கால் புண் ஆறிவிட்டது.

மீட்காது என்று ஆபீசர் ஜூலை மாதமே சொல்லிவிட்டார். அன்றைக்கு வரப்பில் ஆட்கள் நின்றதால் நிறுத்திக்கொண்டவர், மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உன் வாயிலிருந்து வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்ததும் அந்த வரியைத்தான் தேடுவேன். அப்படியானால் ஏன் திறக்கவில்லை என்று கேட்பாய். கேட்டவள் நீ. நீ விடு என்று சொல்லாமல் நான் திறந்தால் உன் படிப்பைக் கெடுத்தவன் என்று காலமெல்லாம் எனக்குப் பெயர். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். போன முறை மடையில் உட்கார்ந்திருந்தபோது உன்னை எத்தனை திட்டு திட்டினேன் என்று வாய்க்காலுக்குத்தான் தெரியும்.

போன வியாழன் எங்கள் முறை. விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பினேன். உன் அண்ணி பின்னாலேயே வந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். வரப்போடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். பள்ளமூலைவரை போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாளா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அப்புறம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, அதே தண்ணீரை மொண்டு ஊற்றி, மேலே ஏறி வந்து, "இப்ப திறங்க" என்றாள். திறந்தேன்.

வீட்டுக்கு வந்து தலை முழுகினாள். பாட்டிலைக் கழுவவில்லை. சமையல்கட்டுக்கு வெளியேதான் வைத்தாள், ஆனால் கழுவவில்லை. இதோடு அதே வண்டியில் வருகிறது. மூடியைத் திறக்கும்போது நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு தண்ணீர் கட்டி வடித்தாயிற்று. நாற்று முற்றிப்போய்விட்டது, இருந்தாலும் இந்த வாரம் நடவு. பாதி கருகும். கருகினால் கருகட்டும்.

அண்ணன்
சிவராமன்

*

திருச்சி
29.11.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

பேப்பரில் டெல்டா முழுவதும் வெள்ளம் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? நந்தினிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு வயலில் நட்டது தப்பித்ததா?

அண்ணி அனுப்பின பாட்டிலை நான் ஒருத்தியாகத்தான் திறந்தேன். நாற்றம் அடித்தது. தண்ணீரில் உப்பு, கடல் போல இருந்தது. பிரித்து அளந்தபோது மஞ்சள் படலம் மெல்லிசாகத்தான் நின்றது. ஆனால் அதிலிருந்த நொதி, குளத்துப் பாசியைவிட மூன்று பங்கு. நம்பாமல் மறுபடி அளந்தேன், அதேதான். குடுவையில் நான் வளர்த்ததைவிடவும் அதிகம். பத்து மாதம் அந்தப் பாசி அந்த மூலையில் விடாமல் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணியிடம் இதை நீயே வாயால் சொல், படித்துக் காட்டாதே.

தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். வெகு நேரம் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். அடுத்த நிமிடமே, ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு அத்தியாயம் எழுத முடியாது, அதே வயலில் இன்னும் இரண்டு தடவையாவது எடுத்தால்தான் யாரும் நம்புவார்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். அவர் சொல்வது சரி என்பதுதான் இன்னும் ஆத்திரம். கிழக்கு வயல் என் ஆய்வேட்டில் ஒரு பாராவாகத்தான் வரும்.

"வீட்டுக்கு எழுதும்மா, அனுப்பச் சொல்லு" என்றார்.

"முடியாது சார்" என்றேன்.

"ஏன்?"

"நாத்து நட்டாச்சு சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் என்ன ரகம் நட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அண்ணே. எழுதி அனுப்பு.

ப்ரியா